கண்ணாடிக்குள் ஒரு கடல்

மீனைத் தொட்டியில் வளர்ப்பது மனிதனுக்குப் புதிதன்று. சீனர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பொன்மீன்களைப் பீங்கான் தொட்டிகளில் வளர்த்து மகிழ்ந்தார்கள். உரோமாபுரிச் செல்வர்கள் கடலோர மாளிகைகளில் குளம் வெட்டி மீன் வளர்த்தார்கள். ஆனால் தொட்டி மீன் பிழைக்க வேண்டுமானால் நீரை ஓயாமல் மாற்ற வேண்டும். மறந்தால் மீன் மிதக்கும். நீரை மாற்றாமலே, உள்ளே இருக்கும் செடியும் உயிரும் ஒன்றுக்கொன்று உதவ, மாதக்கணக்கில் தழைத்திருக்கும் ஒரு சிறு நீருலகைக் கண்ணாடிச் சுவர்களுக்குள் அமைக்க முடியும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் மெய்ப்பிக்கப்பட்டது. அதற்கு அக்வேரியம் என்ற பெயரை நிலைக்கச் செய்து, படித்தவர் பாமரர் அனைவருக்கும் அதை அமைக்கக் கற்றுக்கொடுத்தவர் பிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கிலேயர். அதுவரை அந்தச் சொல் தோட்டக் கலைஞர்களிடையே நீர்ச்செடி வளர்க்கும் தொட்டியை மட்டும் குறித்து வந்தது.

நம் கல்லூரியில் விலங்கியல் படிப்போரைவிட ஆங்கில இலக்கியம் படிப்போருக்கே காஸ் என்ற பெயர் பழக்கமானது. அவர்கள் அறிந்தது மகனை. திறனாய்வாளர் எட்மண்ட் காஸ், நம் சரோஜினி தேவி இளமையில் இங்கிலாந்து சென்றபோது இந்தியப் பொருள்களையே பாடுமாறு அறிவுரை கூறியவர். 1912இல் வெளிவந்த அவருடைய கவிதைத் தொகுதி ஒன்றுக்கு முன்னுரையும் எழுதியவர். அந்த எட்மண்ட் 1907இல் ‘தந்தையும் மகனும்’ என்ற நூலை வெளியிட்டார். அதில் வரும் தந்தை, சிரிப்பறியாத, வேதத்தை மட்டுமே அறிந்த கடுமையான மனிதர். நூல் புகழ் பெற்றது. தந்தையின் பெயர் மங்கியது. மகன் எழுதிய ஒரு நூலை மட்டும் வைத்துக்கொண்டு தந்தையை எடைபோடுவது முறையன்று. அவர் வாழ்வை முதலிலிருந்தே பார்ப்போம்.

1810 ஏப்ரல் 6ஆம் நாள் உர்ஸ்டர் நகரில் பிலிப் பிறந்தார். தந்தை தாமஸ், கையடக்கமான சிற்றோவியங்கள் தீட்டும் நாடோடி ஓவியர். ஊர் ஊராகச் சென்று, செல்வர் வீட்டுப் படம் வரைந்து, கிடைத்ததைக் கொண்டுவருபவர். தாய் ஹன்னா, திருமணத்திற்கு முன் பெரிய வீடுகளில் பணிப்பெண்ணாக இருந்தவர். குடும்பம் பூல் என்னும் துறைமுக ஊரில் குடியேறியது. வீட்டில் வறுமை. ஆனால் அந்த வறுமைக்கு நடுவே இரண்டு செல்வங்கள் சிறுவனுக்குக் கிடைத்தன. தந்தையிடமிருந்து ஓவியக் கை கிடைத்தது. அத்தை சூசன் பெல்லிடமிருந்து கடற்கரைக் கண் கிடைத்தது. பாறையில் ஒட்டியிருக்கும் கடல் சாமந்திகளைப் பெயர்த்து வந்து, கடல் நீர் நிறைந்த ஏனத்தில் விட்டு அவை விரிவதைப் பார்க்கலாம் என்று சொல்லிக் கொடுத்தவர் இந்த அத்தைதான். இவருடைய மகன் தாமஸ் பெல் பிற்காலத்தில் பெரிய விலங்கியல் அறிஞர் ஆனார்.

பதினைந்து வயதில் பிலிப் ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தர். பதினேழு வயதில், 1827இல், கப்பலேறி நியூஃபவுண்ட்லாந்துத் தீவிலுள்ள கார்போனியர் என்னும் மீன்பிடித் துறைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கும் கணக்கெழுதும் வேலைதான். எட்டு ஆண்டுகள் உப்பும் மீனெண்ணெயும் மணக்கும் அந்த ஊரில் கழிந்தன. 1832இல் நுண்ணோக்கி பற்றிய பழைய நூல் ஒன்றை விலைக்கு வாங்கினார். அதுமுதல் பூச்சிகளின் மேல் ஆர்வம் பற்றிக்கொண்டது. ஆசிரியர் இல்லை, கல்லூரி இல்லை, அருங்காட்சியகம் இல்லை. கண்ணில் பட்டதைப் பிடிப்பார், பார்ப்பார், அளவு மாறாமல் வரைவார். அதே ஆண்டில் தங்கை எலிசபெத் கடும் நோயில் கிடப்பதாகச் செய்தி வந்தது. கலங்கிய மனம் இறைவனை நாடியது. ஆய்வும் பக்தியும் ஒரே ஆண்டில் இந்த இளைஞரைப் பற்றின. கடைசிவரை இரண்டில் ஒன்றையும் அவர் விடவில்லை. இரண்டும் மோதியபோது என்ன நேர்ந்தது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

1835இல் நண்பர்களுடன் கனடாவில் உழவு செய்யப் போனார். கைதேர்ந்த உழவர்களே திணறும் குளிர் நிலம் அது; பூச்சி பிடிப்பதில் மனம் வைத்த உழவரை அது வாழ வைக்குமா? மூன்று ஆண்டுகளில் கையைச் சுட்டுக்கொண்டு வெளியேறினார். 1838இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பருத்தித் தோட்ட முதலாளிகளின் பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஆனார். வண்ணத்துப்பூச்சிகளை வியந்து வியந்து வரைந்த அதே கண்கள் அடிமைகள் சவுக்கால் அடிபடுவதையும் கண்டன. அந்தக் கொடுமை பொறாமல் ஓராண்டுகூட முடியுமுன் ஊர் திரும்பினார். பயணக் கப்பலில் கனடாவின் இயற்கை பற்றி ஒரு நூலை எழுதி முடித்தார்.

இலண்டனில் அவர் பட்ட பாடு பெரும்பாடு. மாடியறை ஒன்றில் தங்கி, ஒரு நாளைக்கு ஒரு ஹெர்ரிங் மீனைத் தின்று காலம் கழித்ததாக மகன் எழுதுகிறார். அத்தை மகன் பெல் வழியாகக் கையெழுத்துப்படி வான் வூர்ஸ்ட் என்ற பதிப்பாளரைச் சென்றடைந்தது. அவர் நூறு கினி தருவதாகச் சொன்னதும் எழுத்தாளர் அங்கேயே அழுதுவிட்டாராம். 1840இல் அந்த நூல் வெளிவந்தது. வயது முப்பது. கணக்கர், உழவர், ஆசிரியர் என்று மூன்று வேலை மாறியவர் நான்காவதாக எழுத்தாளர் ஆனார், அதுவே நிலைத்தது.

1844இல் பறவைகளும் பூச்சிகளும் சேகரிக்க ஜமைக்காத் தீவுக்குச் சென்று பதினெட்டு மாதம் தங்கினார். அங்கே அவருக்குத் துணையாயிருந்தவர் சாமுவேல் காம்ப்பெல் என்ற கருப்பின இளைஞர். அக்காலத்து வெள்ளையர் பலர் இத்தகைய உதவியாளர்களைப் பெயர் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். காஸ் அப்படிச் செய்யவில்லை. அந்த இளைஞரின் கூரிய கண்ணையும் நேர்மையையும் நூலில் பெயர் சொல்லிப் பாராட்டினார். பிறர் கண்டதைத் தாம் கண்டதாக எழுதாத இந்தப் பண்பு அவருடைய எல்லா நூல்களிலும் தெரிகிறது.

ஊர் திரும்பியவர் 1848இல் எமிலி பௌஸ் என்பவரை மணந்தார். மணமகனுக்கு 38 வயது, மணமகளுக்கு 42. இருவரும் பிரதரன் சபையைச் சேர்ந்தவர்கள். நம் நாட்டிலும் இச்சபையார் உண்டு. குருமார் இல்லை, ஆடம்பரம் இல்லை, வேதமே எல்லாம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் எட்மண்ட் பிறந்தான். அன்றைய நாட்குறிப்பில் மகன் பிறந்த செய்தியையும் ஜமைக்காவிலிருந்து ஒரு பச்சைத் தகைவிலான் வந்து சேர்ந்த செய்தியையும் அடுத்தடுத்து எழுதி வைத்தார் காஸ். மகனைவிடப் பறவை பெரிதோ என்று இதைச் சொல்லிச் சிரிப்பவர் உண்டு. நாட்குறிப்பு எழுதுவோர் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவார்கள் என்பதற்குமேல் இதில் ஒன்றுமில்லை.

இனிக் கண்ணாடித் தொட்டிக்கு வருவோம். 1852இல் ஓயாத நுண்ணோக்கி வேலையால் தலைவலியும் நரம்புத் தளர்ச்சியும் மிக, மருத்துவர் சொற்படி காஸ் குடும்பத்துடன் டெவன் கடற்கரைக்குப் போனார். அங்கே கடல் உள்வாங்கும் நேரத்தில் பாறைக் குழிகளில் தேங்கி நிற்கும் நீரைக் கண்டார். ஒவ்வொரு குழியும் ஒரு தோட்டம்! சிவப்பும் பச்சையும் பழுப்புமாகப் பாசிகள். அவற்றினிடையே கடல் சாமந்திகள், நண்டுகள், கண்ணாடிபோல் உடல் தெரியும் இறால்கள், பூப்போல் விரியும் குழாய்ப்புழுக்கள். நாமெல்லாம் கடல் சாமந்தியை ஃபார்மலின் குப்பியில், நிறம் வெளுத்து, சுருங்கிய ஒரு தோல் கட்டியாகத்தான் பார்த்திருக்கிறோம். அக்கால ஆய்வாளர் நிலையும் அதுவே. அவர்கள் குப்பியில் இருந்தது சாராயம், அவ்வளவுதான் வேறுபாடு. பிணத்தைப் பார்த்து உயிரை எழுதிய விலங்கியல் அது. அந்தக் குழியை அப்படியே அறைக்குள் கொண்டுவர முடியாதா என்று காஸ் எண்ணினார்.

இந்த எண்ணம் அவருக்கு மட்டும் தோன்றியதன்று. ஜீன் வில்ப்ரூ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1830களில் சிசிலித் தீவின் மெசினா நகரில் கண்ணாடித் தொட்டி அமைத்து, ஆர்கோனாட் என்னும் எண்காலிச் சிற்றுயிர் தன் ஓட்டைத் தானே உண்டாக்குகிறது என்று கண்டறிந்தார். அன்னா தைன் என்ற அம்மையார் 1846இல் டார்க்கியிலிருந்து பவள உயிர்களை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். அவற்றின் நீரைப் பலகணி அருகே பாத்திரம் விட்டுப் பாத்திரம் ஊற்றிக் காற்றூட்டுவது வீட்டுப் பணிப்பெண்ணின் வேலை. ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர்தான் காரணத்தைக் கண்டவர். பன்னிரண்டு காலன் தொட்டியில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். செடி வெளியிடும் பிராணவாயு மீனுக்கு; மீன் வெளியிடும் கரியமிலவாயு செடிக்கு. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் இலைகள் அழுகி நீர் கலங்கியது. அதன்பின் குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டார். அவை அழுகிய இலையைத் தின்றன, அவற்றின் முட்டைகள் மீனுக்கு உணவாயின, தொட்டி தெளிந்தது. 1850இல் இதை வேதியியல் கழகத்தில் அறிவித்தார். மூன்றாவது ஆளாக ஒரு நத்தை நுழைந்தபிறகே அந்தக் குடித்தனம் நடந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

காஸ் இதே முறையைக் கடல் நீருக்குக் கொண்டுவந்தார். அதில் வந்த தடைகளை ஒவ்வொன்றாக நீக்கியதே அவருடைய சாதனை. கடற்பாசிக்கு நிலச்செடிபோல் வேர் இல்லை, பிடுங்கினால் அழுகிவிடும். ஆகவே சுத்தியலும் உளியும் எடுத்துச் சென்று, பாசி பற்றியிருக்கும் கல்லையே பெயர்த்து வந்தார். அழகிய சிவப்புப் பாசிகள் தொட்டியில் விரைவில் அழிவதைக் கண்டு, உல்வா முதலிய பச்சைப் பாசிகளையே முதலில் வையுங்கள் என்றார். பாசியை வைத்துச் சில நாள் பொறுத்த பிறகே உயிர்களை விட வேண்டும் என்றார். கண்ணாடியில் படியும் பச்சைப் படலத்தை மேய்வதற்குப் பாறை நத்தைகளை விட்டார். அவற்றின் அரம் போன்ற நாக்கு புல் அறுக்கும் அரிவாளாய் வேலை செய்வதை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார். இறந்ததை உடனே அகற்று, வெயிலை அளவாக விடு, கூட்டத்தைக் குறை என்பவை அவருடைய பிற விதிகள்.

இன்னொரு தடை மிச்சமிருந்தது. கடலுக்குத் தொலைவிலிருக்கும் இலண்டன்வாசி கடல் நீருக்கு எங்கே போவான்? காஸ் கடல் நீரின் வேதியியல் பகுப்பாய்வை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாட்டு உப்பு மூன்றரை அவுன்ஸ், பேதி உப்பு கால் அவுன்ஸ், மெக்னீசியம் குளோரைடு 200 கிரெயின், பொட்டாசியம் குளோரைடு 40 கிரெயின். நான்கு குவார்ட்டுக்குச் சற்றுக் குறைவான நன்னீர். நம் கணக்கில் ஏறக்குறைய நாலரை லிட்டர் நீருக்கு முறையே 99, 7, 13, 2.6 கிராம். சுண்ணாம்புச் சத்து ஆற்று நீரிலேயே இருப்பதால் தனியே வேண்டாம் என்று விட்டுவிட்டார். 1854இல் இந்தச் செயற்கைக் கடலில் பாசியும் கடல் சாமந்தியும் உயிர் வாழ்ந்தன. மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் கிடைக்கும் சரக்கைக் கொண்டு ஒரு மனிதர் சமையலறையில் கடலைக் கலக்கிவிட்டார்!

இதற்கிடையில் 1853 மே மாதம் இலண்டன் ரீஜண்ட்ஸ் பூங்கா விலங்குக் காட்சிச்சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. உலகில் பொதுமக்களுக்கென்று அமைந்த முதல் அக்வேரியம் அதுவே. அதற்குக் கடலுயிர்களைத் திரட்டி அனுப்பியவர்களில் முதன்மையானவர் காஸ். பின்னர் உலகின் பல நகரங்களில் இவ்வகைச் சாலைகள் எழுந்தன. எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் சென்னை மெரினாவிலும் 1909இல் ஒன்று அமைந்தது.

இங்கே ஒரு சிறு விலகல். செடியும் மீனும் நத்தையும் சேர்ந்தால் போதும் என்ற அக்கால விளக்கம் பாதி உண்மை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியங்களே தொட்டியின் உண்மையான காவலர்கள். ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி அவற்றைப் பிரித்துக் காட்டியது 1890ஐ ஒட்டித்தான். இன்று முதன்முதலாகத் தொட்டி வைக்கும் நண்பர்கள் சிலர், ஓரினோகோ ஆற்றுச் சமவெளியிலிருந்து வந்த ராம் என்னும் குள்ளச் சிக்லிட் மீனுக்கு ஆசைப்படுகிறார்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன். ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டையைக் காக்கும், குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும். அதன் இனமான அபிஸ்டோகிராமாவில் தாய் மீன் மஞ்சள் நிறம் பூண்டு குஞ்சுகளை மேய்ச்சலுக்கு நடத்திச் செல்லும். இந்த அழகைக் காணும் ஆவலில் தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி விடுகிறார்கள். புதுத் தொட்டியில் பாக்டீரியங்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் அம்மோனியா ஏறி, மென்மையான ராம் முதலில் சாகும். பாக்டீரியத்தை அறியாமலே காஸ் சொன்ன இரண்டு விதிகள் இங்கேயும் பொருந்துகின்றன: முதலில் செடியை வைத்துப் பொறுத்திரு, கூட்டம் சேர்க்காதே. கற்பனையால் அன்று, அன்றாடம் தொட்டியின் முன் உட்கார்ந்து பார்த்ததால் கிடைத்த விதிகள் அவை.

1854இல் ‘அக்வேரியம்’ என்ற அவருடைய நூல் வண்ணப்படங்களுடன் வந்தது. தந்தையிடம் கற்ற சிற்றோவியக் கலை அந்தப் படங்களில் சுடர்விட்டது. நூல் பரபரப்பாக விற்றது. கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்டிருந்ததால் கண்ணாடி மலிந்திருந்தது. இருப்புப்பாதை கடற்கரை ஊர்களை எட்டியிருந்தது. சில ஆண்டுகளில் நடுத்தர வீடுகளின் கூடங்களிலெல்லாம் தொட்டிகள். கடல் நீரும் கடல் சாமந்தியும் விற்கும் கடையை லாய்ட் என்பவர் இலண்டனில் நடத்தினார். 1855இல் காஸ் இல்ஃப்ராகூமில் கடற்கரை வகுப்பே நடத்தினார். கனவான்களும் சீமாட்டிகளும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறைகளில் அவர் பின்னால் ஏறினர். 1856இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட எழுத்தருக்கு இதைவிடப் பெருமை வேறென்ன?

ஆனால் அந்தக் கூட்டம் கடற்கரையை என்ன செய்தது? காஸ் எடுத்துச் சென்ற உளியை ஆயிரக்கணக்கானோர் எடுத்துச் சென்றார்கள். அவர் ஒரு கல்லைப் பெயர்த்தார். அவர்கள் குழியையே காலி செய்தார்கள். அவர் ஒன்று எடுத்துப் பல மாதம் காத்தார். அவர்கள் கூடை நிறைய எடுத்து ஒரே வாரத்தில் கொன்று, மீண்டும் வந்தார்கள். பொறுத்திரு, குறைவாக வை என்ற விதிகளைப் படிக்க யாருக்கு நேரம்? படங்களைப் பார்த்தவர்களே மிகுதி. நூற்றாண்டு நூற்றாண்டாய் யாரும் தொடாமல் கிடந்த டெவன் பாறைக் குழிகள் அவர் கண்ணெதிரே வெறுமையாயின. தம் நூல்களே இந்த அழிவுக்கு வழிகாட்டின என்பதை உணர்ந்து தந்தை வருந்தியதை மகன் எழுதி வைத்திருக்கிறார். தந்தையை எத்தனையோ இடங்களில் குத்திக்காட்டும் அந்த நூலில், இந்தப் பகுதியில் மட்டும் மகனின் எழுதுகோல் தந்தையோடு சேர்ந்து துயரப்படுகிறது.

1857 அவருடைய வாழ்வின் இருண்ட ஆண்டு. எமிலிக்கு மார்பில் புற்றுநோய். அமெரிக்க மருத்துவர் ஒருவர் கத்தியின்றிக் களிம்பால் குணமாக்குவதாகச் சொன்னதை நம்பினார்கள். அந்தக் களிம்பின் எரிச்சலை மாதக்கணக்கில் தாங்கி, பிப்ரவரி மாதம் எமிலி இறந்தார். ஏழு வயது மகனும் தந்தையும் தனித்து நின்றனர்.

அந்தத் துயரத்தோடு அதே ஆண்டில் காஸ் எழுதி வெளியிட்ட நூல் ‘ஓம்ஃபலோஸ்’. கிரேக்க மொழியில் தொப்புள் என்று பொருள். பாறை அடுக்குகளும் புதைபடிவங்களும் உலகம் மிகப் பழையது என்று காட்டின. வேதமோ ஆறு நாள் படைப்பைச் சொன்னது. இரண்டையும் விட மனமில்லாத காஸ் ஒரு சமரசம் கண்டார். தாய் வயிற்றில் பிறக்காத ஆதாமுக்கும் தொப்புள் இருந்திருக்கும். படைத்த அன்றே மரத்தில் ஆண்டு வளையங்கள் இருந்திருக்கும். அவ்வாறே உலகமும் நடவாத ஒரு பழங்காலத்தின் தடயங்களோடு படைக்கப்பட்டது என்றார். அறிவியலாரும் சமயத்தாரும் ஒருங்கே கைவிட்டனர். அவருடைய அருமை நண்பரும் பாதிரியாருமான சார்லஸ் கிங்ஸ்லியே, இறைவன் பாறைகளில் பொய்யை எழுதி வைத்ததாகத் தம்மால் நம்ப முடியாது என்று கடிதம் எழுதிவிட்டார். விற்காத படிகள் பழந்தாளாயின. இரண்டு ஆண்டு கழித்து டார்வினின் நூல் வந்தது.

கண்ணால் கண்டதை மட்டுமே எழுதுவேன் என்று இருபதாண்டு உழைத்தவர், கண்ட சான்றையே தோற்றம் என்று சொல்லும் நிலைக்கு எப்படி வந்தார்? பிடிவாதம் என்பார் உண்டு. கார்போனியரில் ஒரே ஆண்டில் பற்றிய இரண்டு பற்றுகளில் எதையும் இழக்கத் துணியாத மனத்தின் தவிப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. டார்வினை எதிர்த்து மேடை ஏறிய கூட்டத்தில் அவர் சேரவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

அந்த ஆண்டே டார்க்கியை அடுத்த செயின்ட் மேரிசர்ச்சில் குடியேறினார். சிறுவன் எட்மண்டை அழைத்துக்கொண்டு மீண்டும் பாறைகளுக்குப் போனார். பிரிட்டனின் கடல் சாமந்திகளையும் பவள உயிர்களையும் பற்றிய பெருநூலை 1860இல் முடித்தார். ஒவ்வோர் இனத்தையும் தொட்டியில் உயிரோடு வைத்துப் பார்த்து, நிறம் மாறாமல் தாமே வரைந்தார். அதே ஆண்டில் எலைசா பிரைட்வென் என்பவரை மணந்தார், அமைதி திரும்பியது. கடற்கரை வெறுமையானபின் ஆர்க்கிட் செடிகளில் ஈடுபட்டார். முதுமையில் நுண்ணோக்கிக்குத் திரும்பி, ஹட்சன் என்பவரோடு ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர்கள் பற்றி எழுதிய நூல் 1886இல் வந்தது. வயது 76. அதன்பிறகு வானத்து விண்மீன்கள் அவரை இழுத்தன. குளிர்கால இரவில் தொலைநோக்கியைச் சரிசெய்துகொண்டு நின்றதில் சளி பிடித்து, உடல் தேறாமலே 1888 ஆகஸ்ட் 23ஆம் நாள் காலமானார்.

அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தேடிப் படித்து ஆன் த்வெய்ட் என்ற எழுத்தாளர் 2002இல் புதிய வரலாறு ஒன்றை வெளியிட்டார். மகன் வரைந்த இருண்ட உருவத்துக்குப் பின்னால் அன்பும் விளையாட்டும் உள்ள ஒரு தந்தை இருந்ததை அது காட்டியது.

இன்னொரு செய்தி. ட்ரெஸ்டன் நகரில் லியோபோல்ட் பிளாஷ்கா என்ற கண்ணாடிக் கலைஞர் இருந்தார். கடல் சாமந்திகளைக் கண்ணாடியில் செய்ய முற்பட்ட அவர், 1860களில் காஸ் வரைந்த வண்ணப்படங்களை எதிரில் வைத்துக்கொண்டு அந்த வேலையைத் தொடங்கினார். இதழ் போன்ற ஒவ்வொரு கையும் தனித்தனியே விளக்குச் சுடரில் இழுத்து ஒட்டப்பட்டது. பிறகு மகன் ருடால்ஃபும் சேர்ந்துகொள்ள, உலகெங்குமுள்ள அருங்காட்சியகங்களும் கல்லூரிகளும் அவற்றை விலைகொடுத்து வாங்கின. குப்பியில் வெளுத்துப்போகும் உயிருக்கு மாற்றாக நிறம் மாறாத கண்ணாடி உயிர் மாணவர் கைக்கு வந்தது. டப்ளின் அருங்காட்சியகத்திலும் ஹார்வர்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களிலும் அவர்கள் செய்த கடலுயிர்கள் பாதுகாக்கப்படுகின்றன. டெவன் பாறைக் குழியில் காஸ் கண்ட சிவப்பும் பச்சையும் அவற்றில் இருக்கின்றன.